கடை சாத்தாத விளையாட்டு

செந்திலு, ஹூஸ்டன் வேலையை முடித்துக்கொண்டு ப்ளேன் ஏறி உட்கார்ந்த பிறகு இதைப் படி. அதற்கு முன்னால் படித்தால் உடனே எனக்கு ஃபோன் போடுவாய். "சரிங்கப்பா, வந்து பேசிக்கலாம்" என்பாய். வந்த பிறகு உனக்கு மீட்டிங் இருக்கும், எனக்குத் தூக்கம் வந்துவிடும். வியாழக்கிழமை காலையில் நீ சாக்ரமெண்டோவுக்குக் கிளம்பிவிடுவாய். அங்கே என்னைப் பற்றித்தான் பேசப் போகிறாய் என்று தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாத அப்பனிடமிருந்து கடிதம் எப்படி வந்தது என்று யோசிக்காதே. நீ வாங்கிக் கொடுத்த ஃபோனிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அது எழுத்தாக்குகிறது. சாயங்காலம் மருமகள் கவிதா வேலை முடித்து வந்து எனக்குப் படித்துக் காட்டுகிறாள். நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பாதிதான் புரிகிறதாம். "மாமா, இதை இப்படியே அனுப்புனா உங்க பையன் நீங்க குடிச்சிருக்கீங்கன்னு நெனச்சுக்குவாங்க. நான் எழுத்து நடைல மாத்திக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். மாற்றச் சொன்னேன். அதனால் நடை அவளுடையது, சொன்னது நான். இங்கே நம் ஆட்கள் பலர் வீட்டில் பிள்ளைகள் உன்னைப் போன்ற வேலையில்தானே இருக்கிறார்கள், தமிழ்ச் சங்க மலரில் இதைப் போடலாமா என்றும் கேட்டாள். நீ படித்து, சரி என்று சொன்னால் போடட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

திங்கட்கிழமை மத்தியானம் மலர் கூப்பிட்டாள். என் தம்பி மகள், உனக்குத் தங்கை, நீ ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் யார் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி ஆஃபீஸ் போய்க்கொண்டிருக்கிறாயோ அந்த மலர். எப்போதும் கூப்பிட்டால் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று ஆரம்பிப்பாள். அன்றைக்கு அது இல்லை.

"பெரியப்பா, அண்ணன் ஏதோ கவர்ன்மென்ட் ஹியரிங்ல பேசப் போறாங்களாமா?"

"ஆமா சாமி. பிள்ளைங்க ஆடற கேமுக்கெல்லாம் சட்டம் போடறாங்களாம். அந்தச் சட்டம் வேண்டாம்னு கம்பெனி சார்புல இவன் பேசறானாம்."

"அதுல என் கல்யாண வீடியோவக் காட்டறாங்களாம் பெரியப்பா. நீங்க கேம் ஆடிட்டு இருப்பீங்கல்ல, அது."

"அட, அதையா? எல்லாரும் சிரிச்சாங்களே, அதா?"

அவள் சிரிக்கவில்லை.

"அண்ணன் லேப்டாப்புல ஓட்டிப் பார்த்துட்டு இருந்தாங்க. காபி குடுக்கப் போனவ பின்னாடி நின்னு பார்த்தேன். அதுல நானும் இருக்கேன் பெரியப்பா. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் மட்டும் தட்டையே பார்த்துட்டு இருக்கேன்."

"நீ அவங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு."

"எப்படிச் சொல்றது? அப்பா இல்லாத கொறை தெரியாம கல்யாணத்தையே எடுத்து நடத்துனது அண்ணன்தானே. விடுங்க பெரியப்பா. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். மாத்திரை போட்டீங்களா?"

அவள் ஃபோனை வைத்த பிறகு நான் அந்தத் தட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கும் அது தெரிய வேண்டும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த விளையாட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உன்னைக் குற்றம் சொல்வதுபோல ஆகிவிடும். அது அன்பில்தான் பிறந்தது. அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

உங்கம்மா போன பிறகு என்னைத் தனியாக விடமாட்டேன் என்று இங்கே கூட்டிக்கொண்டு வந்தாய். ஆனால் இந்த சான் ரமோன் வீட்டில் பகலெல்லாம் தனியாகத்தான் இருந்தேன். நீயும் கவிதாவும் ஆஃபீஸ், பேத்தி நித்யா ஸ்கூல். தெருவில் கார் போகும், ஆள் போகாது. டிவியில் கீழே எழுத்து ஓடும், எனக்கு அது எறும்பு ஊர்வதுபோல இருக்கும். ஆஃபீஸ் கட்டிடங்களுக்கு நடுவில் இருக்கும் குளம் வரை நடந்து போய் வாத்துகளைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு நாள் நீ சீக்கிரம் வந்து, நான் கேரேஜில் நித்யாவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நன்றாக இருந்த சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாய். அடுத்த சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, உடுமலைக் கடைல பஞ்சர் எப்படிக் கண்டுபிடிப்பீங்க, வரிசையாச் சொல்லுங்க" என்று கேட்டாய். தண்ணித் தொட்டியில் ட்யூபை அமுக்குவதில் இருந்து, சின்னப் பையன்களுக்கு வாடகைக்கு விடும் குட்டி சைக்கிளுக்கு சீட்டை இறக்குவது வரை சொன்னேன். நீ படம் போட்டுக்கொண்டே இருந்தாய்.

பிறகு ஒரு நாள் என் கையில் அந்த விளையாட்டைக் கொடுத்தாய். ஒரு எழுத்து இல்லை. ஒரு நம்பர்கூட இல்லை. தகரக் கூரை, தொங்கும் டயர், தண்ணித் தொட்டி, என் கடையேதான். ஆள் வருவான், அவன் தலைக்கு மேல் ஒரு படம் தெரியும். பஞ்சர் என்றால் ட்யூப், செயின் அறுந்தால் செயின். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் ஷட்டர் தானாக இறங்கும், கடை மூடிவிடும். மறுநாள்தான் திறக்கும். நான் அன்றைக்கு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நீ புரிந்துகொண்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

அதை உன் ஆஃபீஸில் காட்டினாய். எழுத்தே இல்லாததால் எந்த நாட்டு ஆளும் ஆடலாம், கைக்குழந்தையும் ஆடலாம் என்று கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. உனக்குப் பெரிய பதவி கொடுத்தார்கள். கவிதா பாயசம் வைத்தாள். எனக்கும் பெருமைதான். குளத்தங்கரையில் நடக்க வருகிற மற்ற பெரியவர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் காதே புளித்திருக்கும்.

பிறகு என் ஃபோனில் இருந்த கடை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் ஷட்டர் போய்விட்டது. பொழுது சாயும், விளக்கு எரியும், ஆள் வந்துகொண்டே இருப்பான். அடுத்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, குலுங்கிக்கொண்டே இருக்கும், திறந்தால் ஒரு நாள் தங்கச் சாவி, ஒரு நாள் வெறும் ஆணி. கடைசியில் அந்த அழுகை வந்தது. ஒரு நாள் கடையைத் திறக்காவிட்டால் வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து அழுவார்கள். ஒரு குழந்தை, ஒரு கிழவி, பஞ்சரான சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார்கள்.

செந்திலு, நான் எத்தனையோ வருஷம் கடை வைத்திருந்தவன். ஒரு ஆளும் என் கடை வாசலில் உட்கார்ந்து அழுததில்லை. பூட்டியிருந்தால் பார்த்துவிட்டு, ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு, தள்ளிக்கொண்டு போவான். நாளைக்கு வருவான். ஆனாலும் வந்த ஆளைக் காக்க வைக்கக் கூடாது என்பது என் உடம்பில் ஊறிய பழக்கம். உனக்கு அது தெரியும். அந்தப் பழக்கத்தை உன் கம்பெனி எப்படித்தான் தெரிந்துகொண்டதோ, அதில் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டது. அழுகிற முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் ஃபோனைக் கீழே வைக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இதைப் பேசி முடித்ததும் திறந்து பார்ப்பேன்.

இப்போது தட்டு. மலருக்கு அப்பன் இல்லை. அந்த இடத்தில் நான்தான். கல்யாணத்தன்று பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் முன்வரிசை நாற்காலியில் பட்டு வேட்டியோடு உட்கார வைத்தீர்கள். தாலித் தட்டை முதலில் நான் தொட்டுக் கொடுக்க வேண்டும், பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள், பிறகு சபை. அதற்காகத்தான் உன் வீட்டில் இருந்து அவ்வளவு தூரம் ப்ளேனில் வந்தேன். வரும் வழியில் காரில் நித்யா என் ஃபோனை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாரு, தே ஆர் க்ரையிங்! யுவர் ஸ்ட்ரீக் வில் ப்ரேக்!" என்றாள். முந்தின நாள் பயணத்தில் கடையைத் திறக்கவில்லை. விடாமல் வந்த நாட்களெல்லாம் அழிந்துவிடும் என்று அவளே அர்த்தமும் சொன்னாள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, நேரம் இருக்கிறதே என்று திறந்தேன்.

கவிதா தட்டை ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, தொட்டுக் குடுங்க."

"இரு கண்ணு, இந்த ஒரு ட்யூப ஒட்டிட்டு வந்தர்றேன்."

யாரோ பின்னால், "மாமாவுக்குக் கல்யாணத்துலயும் பஞ்சர் வேலையா!" என்றார்கள். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன், தலை நிமிராமலே. "நாழியாறது, சட்டுனு கொண்டு வாங்கோ" என்று ஐயர் குரல் கொடுத்தார். கவிதா எவ்வளவு நேரம்தான் நிற்பாள்? தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. மாப்பிள்ளையின் மாமா முதலில் தொட்டார். நான் நிமிர்ந்தபோது கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. அட்சதையை மட்டும் போட்டேன்.

நீ அப்போது எதிரில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீடு திரும்பி ஒரு வாரத்தில், "அப்பா, ஆஃபீஸ்ல எல்லாருக்கும் உங்களத் தெரியும் இப்ப. மீட்டிங்ல போட்டுக் காட்டுனாங்க, எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டுனாங்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "அப்படியா" என்றேன். அவ்வளவுதான். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், அது கைதட்டுகிற விஷயமில்லை என்று. உன் பெரிய பதவிக்கு நடுவில் குறுக்கே பேச வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நீ என்ன பேசப்போகிறாய் என்று கவிதா எனக்கு விளக்கமாகச் சொன்னாள். பிள்ளைகளை விடாமல் ஆட வைக்கும் தந்திரங்களைத் தடுக்கிற சட்டமாம். அது வந்தால் ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் வயதை நிரூபிக்க வேண்டியிருக்கும். பேப்பரைக் காட்டு, படித்துப் பார்த்து சம்மதம் கொடு என்று கேட்கும். எங்கப்பா மாதிரிப் படிக்கத் தெரியாதவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள், மனைவியை இழந்து தனியாக இருந்தவருக்கு இந்த விளையாட்டுதான் துணை, அதைப் பிடுங்காதீர்கள் என்று சொல்வாயாம். சொல்லிவிட்டு வீடியோவைக் காட்டுவாயாம்.

அதில் பொய் இல்லை. போன மாதம் பல் டாக்டர் இடத்தில் ஃபோன் போலப் பெரிதாக ஒரு பலகையைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். கவிதா கார் நிறுத்தப் போயிருந்தாள். எதைத் தொட்டாலும் சிவப்பாக ஏதோ வந்தது. அந்தப் பெண் இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னாள், சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்பதுபோல. சட்டம் எழுதுகிறவர்கள் எல்லோரும் படித்தவர்கள். உலகத்தில் எல்லோரும் படித்தவர்கள் என்று நினைத்துத்தான் எழுதுவார்கள். அதை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல். நன்றாகச் சொல். துணை என்பதும் உண்மை. உங்கம்மா இல்லாத வீட்டில் அந்தத் தகரக் கூரை எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்த வரைக்கும்.

அரசாங்கம் எப்படிச் சட்டம் போடும் என்பது எனக்குத் தெரியாததில்லை. சைக்கிள் வாடகைக்கு எடுக்க ஆள் குறைந்த பிறகு நான் கேம் கடை போட்டேன், நீ அப்போது ஆறாவதோ ஏழாவதோ. டிவியும் கேம் பெட்டியும் வாங்கிப் போட்டு, மணிக்கணக்கில் வாடகை. கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு எது எந்த விளையாட்டு என்று தெரியும். பள்ளிக்கூட நேரத்தில் யூனிஃபார்மோடு எவன் வந்தாலும் உள்ளே விடமாட்டேன். சாயங்காலம் வா என்று அனுப்பிவிடுவேன். அது என் கடைச் சட்டம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் இன்னொருவன் கடை போட்டான். அவன் என்ன செய்தான் தெரியுமா? பையன்கள் புத்தகப் பையை மாட்டுவதற்கு சுவரில் வரிசையாக ஆணி அடித்து வைத்தான். மேலே போட்டுக்கொள்ளக் கலர் சட்டையும் வைத்திருந்தான். பகலில் அங்கே போன பையன்கள் சாயங்காலமும் அங்கேயே போனார்கள். கூட்டாளிகள் எங்கேயோ அங்கேதானே மற்றவனும் போவான்? என் கடையில் டிவி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. உங்கம்மா, "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீங்க வாத்தியாரா? நீங்க மட்டும் நல்லவரா இருந்து என்னத்தக் கண்டீங்க?" என்று கேட்டாள். பெட்டிகளை விற்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் இருந்து புகார் போய், ஒரே மத்தியானத்தில் ஆபீசர்கள் வந்து ஊரில் இருந்த கேம் கடை எல்லாவற்றையும் பூட்டி சீல் வைத்தார்கள். ஆணி அடித்தவன் கடையும் போனது, ஓரமாக ஒரே ஒரு பெட்டி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவன் கடையும் போனது. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு சந்தோஷம் வரவில்லை. பள்ளிக்கூட நேரத்தில் எந்தக் கடையும் பையன்களை விடக்கூடாது என்று ஒரே ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால், என் கடையும் இருந்திருக்கும், கம்ப்யூட்டர் கடையும் இருந்திருக்கும், ஆணி மட்டும்தான் போயிருக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஷட்டரை எடுத்த அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாயாம். கவிதா இப்போதுதான் சொன்னாள். வேண்டாம் என்று நீ சண்டை போட்டிருக்கிறாய். உன் பெரிய ஆபீசர், பக்கத்துக் கம்பெனி விளையாட்டில் ஷட்டர் இல்லை, நாம் மட்டும் இறக்கினால் ஆள் அங்கே போய்விடும் என்றாராம். அவர் சொன்னதும் சரிதான். நான் அனுபவித்தவன். நல்ல கடைக்காரன் தனியாக நின்று ஷட்டரை இறக்க முடியாது. எல்லாக் கடைக்கும் சேர்த்து ஒருவன் சொன்னால்தான் முடியும். அப்படிச் சொல்ல அரசாங்கம் என்று ஒருவன் இப்போது வந்திருக்கிறான், அவனைப் போகச் சொல்லத்தான் உன்னை அனுப்புகிறார்கள். அவன் சொல்லத் தெரியாமல் சொல்கிறான் என்றால் சொல்லிக் கொடு. வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? அந்தச் சட்டத்தால் பிழைக்கப்போவது உன்னைப் போன்றவன்தான். ஆணி அடிக்கிறவனுக்கு அது வேண்டாம், சரி. உனக்குமா வேண்டாம்?

கருவிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதோ, என் வாயில் வருவதை எழுத்தாக்குகிறதே, இது அறுபது வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் நான் எவ்வளவு பேசியிருப்பேன். வியாபாரத்தின் மேலும் கோபம் இல்லை, நானே வியாபாரி. ஆனால் ஒன்று. கடைக்கு ஆள் வர வேண்டும், வந்த ஆள் திரும்பிப் போகவும் வேண்டும். போனால்தான் அவனுக்கு வீடு, வேலை, கல்யாணம் காட்சி எல்லாம் இருக்கும். போகவே விடாத இடத்துக்குக் கடை என்று பெயர் இல்லை. நித்யா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஃபோனைத் தடவும்போது நீ சத்தம் போடுகிறாய். அவள், "டாட், யூ மேட் இட்!" என்கிறாள். அன்றைக்கு அதைக் கேட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

உன் பக்கமும் எனக்குத் தெரியும். உன் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் விசாவில் இருக்கிறார்கள், க்ரீன் கார்டுக்குக் காத்திருக்கிறார்கள். கம்பெனி ஆட்டம் கண்டால் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு பிள்ளை குட்டியோடு ஊருக்குக் கிளம்ப வேண்டும். தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்ட பிள்ளைகள். அவர்களை நினைத்துத்தான் நீ போகிறாய் என்று கவிதா சொன்னாள். அதனால் வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. கம்பெனிச் சோறு சாப்பிடுகிறவன் கம்பெனிக்குப் பேசத்தான் வேண்டும். பேசு.

ஆனால் வீடியோவைக் காட்டுவதற்கு முன்னால் மலரிடம் ஒரு வார்த்தை கேள். நீ இதைப் படிக்கும்போது கேட்டியில் இருந்து கிளம்பியிருப்பாய், பரவாயில்லை, இறங்கியதும் கேள். "அண்ணா, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றுதான் முதலில் சொல்வாள். அதோடு விட்டுவிடாதே. இன்னொரு தடவை கேள். அவள் வேண்டாம் என்றால் அதை அழித்துவிடு. அது அந்தப் பெண்ணின் தாலித் தட்டு, அதில் அவளுக்கில்லாத உரிமை கம்பெனிக்கு வேண்டாம்.

என்னைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் உனக்கு முழு அனுமதி. படிக்காதவன், பெண்டாட்டியை இழந்தவன், தனியாக இருந்தவன், எல்லாம் சொல். அது நீ பார்த்த பாதி. மீதிப் பாதியைச் சொல்ல நானும் வருகிறேன். அந்தச் சபையில் கடைசியில் யார் வேண்டுமானாலும் எழுந்து கொஞ்ச நேரம் பேசலாமாம், வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை என்று கவிதா விசாரித்துச் சொன்னாள். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டேன். உன் காரிலேயே வருகிறேன். கம்பெனி ஆட்களோடு போக வேண்டுமென்றால் சொல், கவிதா லீவு போட்டு ட்ரைவ் பண்ணி என்னைக் கூட்டி வருகிறாள்.

என்ன பேசுவேன் என்று நீ கலங்க வேண்டாம். மகனைப் பற்றி ஒரு வார்த்தை தவறாக வராது. என் மகன் எனக்காக ஒரு கடை செய்து கொடுத்தான், அதில் பொழுது சாய்ந்தால் ஷட்டர் இறங்கியது, அதை எடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்பேன். என் தம்பி மகளின் தாலியை நான் தொடவில்லை என்பேன். எல்லாக் கடைக்கும் ஷட்டர் போடச் சொல்லுங்கள், அதைப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரிப் படத்தில் போடுங்கள், பூட்டி சீல் மட்டும் வைக்காதீர்கள் என்பேன். மலர் சம்மதிக்காவிட்டால் தாலியைப் பற்றியும் பேசமாட்டேன். மற்றதைப் பேசுவேன்.

தமிழுக்கு மொழிபெயர்க்க அவர்களே ஒரு ஆளை ஏற்பாடு செய்வார்களாம். கவிதாவும், "நான் சொல்றேங்க மாமா" என்றாள். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் எழுந்து நிற்கும்போது நீ வந்து என் பக்கத்தில் நில். உன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். நீ இங்கிலீஷில் என்ன சொல்கிறாய் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. நீ எதை மாற்றினாலும், எதை விட்டாலும் நான் தலையை ஆட்டிக்கொண்டுதான் நிற்பேன். இருந்தாலும் உன்னையே கேட்கிறேன். நான் பேசுவது நீ பேசியதற்கு எதிராகத்தான் இருக்கும். அதைச் சரியாகச் சொல்லக்கூடிய ஆள் உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

அப்பா